பட்டியலில் பெயர், அமைச்சரவையில் இடம்

இராக்கின் ஷியா ஆயுதக்குழுத் தலைவர் கைஸ் அல்-கஸாலி மீது 2019 டிசம்பரில் அமெரிக்க நிதித்துறை தடை விதித்தது. அடுத்த மாதமே அவருடைய அசாயிப் அஹ்ல் அல்-ஹக் அமைப்பும் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் அவர் செல்வாக்கு தேய்ந்ததா? 2022-இல் முகமது ஷியா அல்-சூடானியைப் பிரதமராக்கிய ஷியா கூட்டணியில் கஸாலி முன்வரிசைத் தலைவர். உயர்கல்வித் துறை அவருடைய கட்சிக்காரர் நயீம் அல்-அபூதியின் கைக்குப் போனது. 2014 தேர்தலில் ஒரே ஓர் இடத்தில் வென்ற அவரது சாதிக்கூன் அணி, 2018-இல் 15 இடங்களையும் 2025 நவம்பரில் 25-க்கும் மேற்பட்ட இடங்களையும் பிடித்தது. தடையை மீறி அவர் வளர்ந்துவிட்டார் என்று பலர் எழுதுகிறார்கள். அவருக்குப் பலம் வருகிற வழியைத் தடை தொடவே இல்லை என்பதுதான் உண்மை.

அந்த வழி எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டும். மதகுரு முகமது சாதிக் அல்-சதரின் மாணவரான கஸாலி, 2003 அமெரிக்கப் படையெடுப்புக்குப் பிறகு சதரின் மகன் முக்ததாவின் பக்கம் நின்றார். பின்னர் பிரிந்து, ஈரானின் ஆதரவோடு தனிக்குழு கண்டார். 2007 ஜனவரியில் கர்பலாவில் ஐந்து அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்ட தாக்குதலுக்கு அந்தக் குழுவே காரணம் என்று அமெரிக்கா குற்றம்சாட்டியது. அதே ஆண்டு மார்ச்சில் பஸ்ராவில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டவர், 2010 தொடக்கத்தில் வெளியே வந்துவிட்டார். அதுவரையில் அவர் பல ஆயுதக்குழுத் தலைவர்களில் ஒருவர், அவ்வளவுதான். 2014 ஜூனில் மோசுல் ஐ.எஸ். வசம் விழுந்து, நாட்டைக் காக்க வருமாறு ஷியா மதத் தலைவர் அயதுல்லா சிஸ்தானி அழைப்பு விடுத்ததும் நிலைமை தலைகீழானது. தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அவர்களைத் திரட்டிய ஹஷ்த் அல்-ஷாபி என்ற மக்கள் படைக் குடைக்குள் கஸாலியின் குழு போன்ற பழைய குழுக்களும் புகுந்து முன்னிடம் பிடித்தன. 2016-இல் நாடாளுமன்றம் அந்தப் படையைச் சட்டப்படி அரசின் அங்கமாக்கியது. 2023 பட்ஜெட்டில் அதன் ஆள்பலம் 1,22,000-இலிருந்து 2,38,000 ஆக உயர்த்தப்பட்டது. இத்தனை பேருக்கும் சம்பளம் தருவது இராக் அரசின் கருவூலம். கருவூலத்தை நிரப்பும் எண்ணெய்ப் பணமோ 2003 முதல் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலுள்ள கணக்கு வழியாகவே வருகிறது. தன் குழுவினருக்கு மாதச் சம்பளமும், ஆதரவாளர்களுக்கு அரசு வேலையும், அமைச்சரவையில் பங்கும் கிடைக்கும்போது, வெளிநாட்டில் சொத்து முடக்கப்படுவது கஸாலியை எப்படி அசைக்கும்?

இராக் மக்களுக்குத் தடை புதிதல்ல. 1990 ஆகஸ்டில் ஐ.நா. விதித்த முழுத்தடை அன்றைய அதிபர் சதாம் உசேனை வீழ்த்தவில்லை. ரேஷன் அட்டையை நம்பி வாழும் நிலைக்குச் சாதாரணக் குடும்பங்களைத் தள்ளி, அதை வழங்கும் அரசின் பிடியையே இறுக்கியது. குழந்தைகளும் நோயாளிகளும் பட்ட துயரத்துக்கு அளவில்லை. அதைப் பார்த்தபின், மக்களை வதைக்காமல் தனிநபரை மட்டும் குறிவைக்கும் தடை மேலானது என்று உலகம் முடிவு செய்தது. அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. கஸாலி மீதான தடையின் காரணமும் சிறிதல்ல. 2019 அக்டோபரில் வேலையும் மின்சாரமும் நேர்மையான ஆட்சியும் கேட்டு வீதிக்கு வந்த இளைஞர்களில் 500-க்கும் மேற்பட்டோர் அடுத்த சில மாதங்களில் கொல்லப்பட்டார்கள். அதில் அவர் குழுவுக்குப் பங்குண்டு என்பது அமெரிக்காவின் குற்றச்சாட்டு. உள்நாட்டு நீதிமன்றம் வாய் திறக்காதபோது வெளியிலிருந்தாவது ஒருவர் பெயரைச் சொல்லிக் குற்றம்சாட்டட்டும் என்பவர்களை நான் மறுக்கவில்லை. வங்கிகளை நெருக்கினால் பலன் உண்டு என்பதும் சரியே: 2023-இல் 14 இராக்கிய வங்கிகளுக்கு டாலர் பரிமாற்றம் மறுக்கப்பட்டபோது பாக்தாதின் நாணயச் சந்தையே ஆடியது. ஆனால் அந்த நெருக்கடியில் முதலில் அடிபட்டவர்கள் தினார் மதிப்பு சரிந்து கூடுதல் விலை கொடுத்த மக்கள்தான்.

வாக்கு வாங்கி வந்தவரை, ஐ.எஸ்.ஸை எதிர்த்துப் போரிட்ட குழுவின் தலைவரைக் கேள்வி கேட்க யாருக்கு உரிமை என்பது இன்னொரு வாதம். அந்தப் போரில் உயிரைக் கொடுத்தவர்களின் தியாகம் மெய்யானது. அவர்களுடைய குடும்பங்கள் இடும் வாக்கையும் யாரும் இகழக் கூடாது. ஆனால் கேட்கும் உரிமை இராக் மக்களுக்கு உண்டு; அதைக் கொடுத்தது அவர்களுடைய சட்டமே. ராணுவத்துக்கு வெளியே ஆயுதக்குழு கூடாது என்கிறது 2005 அரசியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. கட்சிகள் ஆயுதப்பிரிவு வைத்திருப்பதைத் தடுக்கிறது 2015-இன் கட்சிகள் சட்டம். துப்பாக்கி வைத்திருக்கும் கட்சியோடு வெறுங்கையோடு நிற்கும் கட்சி போட்டியிடுவதைச் சமமான தேர்தல் என்று எப்படிச் சொல்வது? அக்டோபர் போராட்டத்தில் உருவான இளைஞர் குழுக்கள் பிறகு சிதறியதற்கு அவர்களுடைய உட்பூசல் மட்டும் காரணமல்ல; ஆட்கடத்தலும் கொலை மிரட்டலும் அவர்களைத் துரத்திக்கொண்டே இருந்தன.

எனவே வாஷிங்டன் பட்டியலில் இன்னும் நான்கு பெயர்களைச் சேர்ப்பதால் ஆகப்போவது எதுவும் இல்லை. ஹஷ்த் படையின் தலைவர் ஃபாலிஹ் அல்-ஃபய்யாத் மீது 2021 ஜனவரியில் தடை வந்த பிறகும் அவர் பதவியில் தொடர்ந்தார். பாக்தாத் செய்ய வேண்டியவை மூன்று: படையின் சம்பளப் பட்டியலைத் தணிக்கைக்கு உட்படுத்துவது, கட்சிகள் சட்டத்தைத் தேர்தல் ஆணையம் தயங்காமல் அமல்படுத்துவது, 2019-இல் சுட்டவர்களையும் சுடச் சொன்னவர்களையும் நீதிமன்றத்தில் நிறுத்துவது. பாக்தாதோடு உறவு வைத்திருக்கும் நாடுகள் வற்புறுத்த வேண்டியதும் இவற்றைத்தான்.