இரு நாட்டு நட்பும் எங்கள் ஏழு பேர்ச்சும்

இந்தியத் தலைவர் ஒருவர் கொழும்புக்கு வந்தாலும், இங்குள்ளவர் புதுடில்லிக்குச் சென்றாலும், மலையகத் தமிழரைப் பற்றி இரண்டு வரியாவது பேசப்படுவது இப்போது வழமையாகிவிட்டது. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களில் அச்செய்தியை வாசித்து மகிழ்பவர் பலர். அவர்களது மகிழ்ச்சியைக் கெடுப்பது என் நோக்கமன்று. ஆயினும், இரு நாடுகளின் உறவு சீரடைந்தபோது எமக்கு நேர்ந்ததையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மக்களை நாடற்றவர்களாக்கியது. இந்தியப் பிரஜாவுரிமையை நாடாதவர்கள் இலங்கையின் பொறுப்பே என்பது நேருவின் நிலைப்பாடு. 1954இல் அவரும் சேர் ஜோன் கொத்தலாவலயும் செய்துகொண்ட உடன்படிக்கையும் சிக்கலைத் தீர்க்கவில்லை. 1962இல் சீனாவுடனான போரில் பட்ட அடி, அயலவருடனான பிணக்குகளை முடித்துக்கொள்ளும் அவசரத்தைப் புதுடில்லியில் உண்டாக்கியது. நேரு மறைந்து ஐந்தே மாதங்களில், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பமிட்டனர். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் ஸ்ரீமாவோவும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டனர்.

இராஜதந்திர வரலாற்றில் இது நல்லுறவின் சாதனை. ஹட்டனிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற புகையிரதத்துக்கு எம்மவர் இட்ட பெயரோ ‘ஒப்பாரிக் கோச்சி’. பங்கிடப்பட்டவர்களின் விருப்பத்தை இரு அரசுகளும் கேட்கவில்லை. மிஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையைப் போக்கும் சட்டம் நிறைவேற 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று காட்சி மாறியிருக்கிறது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்து, மலையகத்துக்கு முன்னர் அறிவிக்கப்பட்ட 4,000 வீடுகளுடன் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வைத்தியசாலையும் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் சென்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அன்று எம்மைக் கப்பலேற்றியதில் சீனாவைப் பற்றிய அச்சத்துக்குப் பங்கிருந்தது. இன்று எம்மீது காட்டப்படும் பரிவிலும் அதற்குப் பங்குண்டு என்பதே என் கணிப்பு.

இதனால் அவ்வுதவி பொய்யாகிவிடாது. 2022இல் நாடே வங்குரோத்து நிலையில் தவித்தபோது, இந்தியா வழங்கிய ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவியால் அனைவரும் பயனடைந்தோம். வீடு கிடைத்தவர் நன்றி சொல்வதும் முறையே.

ஆனால் வீட்டைக் கட்டித்தருவது அயல்நாடாக இருக்கலாம்; அது நிற்கும் ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப்பத்திரம் வழங்க வேண்டியது கொழும்பு. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைச்சரிவுகள் இடிந்து விழுந்ததைக் கண்டோம். பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணி இல்லாதவன், இடிந்த லயத்தை விட்டு எங்கே போவான்? இக்கேள்விக்கு விடை தர வேண்டியது இந்நாட்டின் நாடாளுமன்றமேயன்றி அயல்நாட்டுத் தூதரகமன்று.

எம்மை இந்தியாவின் பொறுப்பாகக் கருதும் பழக்கம் இங்குள்ள அரசுகளுக்கு வசதியானது. ஒவ்வொரு திட்டத்துக்கும் புதுடில்லியை நோக்கிக் கையேந்தும் எமது தலைவர்கள் அவ்வசதியை மேலும் பெருக்குகிறார்கள். நாடுகளின் நட்பு காற்றின் திசைக்கேற்ப மாறும், ஒப்பந்தங்கள் காலாவதியாகும். தன் பெயரில் பதியப்பட்ட காணியோ தலைமுறை தாண்டி நிற்கும். அடுத்த முறை எமது பிரதிநிதிகள் விமானம் ஏறுமுன், கொழும்பில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் புறப்படட்டும்.