பழஞ்சுவரில் கை வைக்கும் முன் ஓராண்டு அளவெடுக்க வேண்டும்

ஆரையம்பதியிலும் வாவியை அண்டிய ஊர்களிலும் உள்ள பழைய கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பாடசாலை என எதைத் திருத்தப் புறப்பட்டாலும், முதலில் அதன் ஈரத்தையும் வெப்பத்தையும் குறைந்தது ஓராண்டு அளந்து பதிய வேண்டும் என்பதே எமது அமைப்பின் நிலைப்பாடு. அந்த ஓராண்டுக்குள் ஒரு கச்சானும் ஒரு மாரியும் அடங்க வேண்டும். கூரை ஒழுகினாலோ சுவர் சாய்ந்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே முட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். மற்ற எல்லா வேலைக்கும் அளவு முன்னே, கரண்டி பின்னே.

எமது ஊர் கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் நிலம். சற்றுத் தோண்டினாலே தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரைச் சுவர் உறிஞ்சும்போது உப்பும் கூடவே ஏறுகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும், அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பளிங்காகும். கல்லின் நுண்துளைக்குள் பளிங்கு வளரும் ஒவ்வொரு முறையும் அது துளையின் சுவரை நெருக்கித் தள்ளுகிறது. கச்சான் வீசும் மாதங்களில் பகலில் உலர்ந்து இரவில் ஈரமாகும் சுவர், ஒரே நாளில் இந்த 75ஐத் தாண்டிப் போய்த் திரும்பி வரலாம். வெண்பூப்பும் உதிரும் காரையும் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே கேடு தொடங்கிவிடுகிறது. 2004 டிசம்பர் 26இல் கடல்நீர் புகுந்த சுவர்களில் ஊறிய உப்பும் யாரும் எடுக்காமல் தானாகப் போய்விடாது.

பழைய மேசன்மார் முருகைக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பால் பூசினார்கள். அந்தக் காரை ஈரத்தை வெளியே விடும், தான் உதிர்ந்து கல்லைக் காக்கும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் பூசினால் போதும். அதைச் சுரண்டி எறிந்துவிட்டுச் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறுகிறது, முன்பு காய்ந்திருந்த உயரமும் நனைகிறது. சுவர் பளபளப்பாகிவிட்டது என்று ஊரே மகிழும் வேளையில் உள்ளே கல் அரிபட்டுக்கொண்டிருக்கும். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் திருப்பணியே பழங்கட்டடத்துக்குப் பெரும் ஆபத்தாகி வருவது எமக்கு ஆழ்ந்த கவலை தருகிறது. சீமெந்துப் பூச்சும் டைல்ஸும் ஒட்டிய பிறகு அந்தச் சுவரின் நோயைச் சரியாகக் கண்டறிவது கடினமாகிவிடும்.

புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638 மே 18இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டையும் இதே உப்புக் காற்றில்தான் நிற்கிறது. இரு புறம் வாவி, இரு புறம் அகழி. கச்சேரி நெடுங்காலம் இயங்கிய அந்தக் கட்டடத்துக்கு எதிர்காலத்தில் என்ன பயன்பாடு வகுத்தாலும், அறைக்கு அறை ஈரப்பதன் பதிவு அத்திட்டத்தின் முதல் ஆவணமாக வேண்டும். இத்தாலியின் திரெந்தோ நகரில் பழைய ஓவியங்களைக் கொண்ட தொர்ரே ஆக்விலா கோபுரத்தில் கம்பியில்லா சென்சர்களைப் பொருத்திச் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. அருகே வரவிருந்த சுரங்கப்பாதையால் கோபுரத்துக்குப் பாதிப்பு வருமா என்பதுதான் அங்கே கேள்வி. வேலை தொடங்கும் முன்பே அளக்க வேண்டும் என்ற அந்த முறையை நாமும் பின்பற்றலாம்.

எமக்கு வேண்டிய கருவி மிக எளியது. ஈரப்பதனையும் வெப்பத்தையும் அளக்கும் சென்சர், ஈஎஸ்பி32 போன்ற சிறு பலகை, மெமரி காட், பற்றரி. சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். ஒன்றைச் சுவரருகிலும் மற்றொன்றை வெளியே நிழலிலும் வைத்தால் போதும். மணிக்கு ஒரு தடவை பதிந்தால் ஆண்டுக்கு 8,760 அளவுகள் சேரும். இணையம் தேவையில்லை, மாதம் ஒரு முறை காட்டைக் கழற்றிப் படியெடுக்கலாம். சுவரில் முள் குத்தி மின்கடத்தலால் ஈரம் காட்டும் மலிவுக் கருவிகளை நாம் பரிந்துரைக்கவில்லை. உப்பேறிய சுவரில் அவை உள்ளதைவிடக் கூடுதலாக ஈரம் காட்டும்.

மலிவான சென்சர், அதுவும் உப்புக் காற்றில், மெல்ல மெல்லப் பிசகும். அதைச் சரிபார்க்கக் குசினியிலேயே வழி இருக்கிறது. ஒரு போத்தல் மூடியில் கறியுப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு போல் ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, சென்சரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் வெயில் படாத இடத்தில் ஓரிரவு வைக்க வேண்டும். காலையில் 75ஐ ஒட்டிக் காட்டினால் சென்சர் நலம். 81 காட்டினால் 6 கூட்டிக் காட்டுகிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவர் ஒருவர் இதைத் தாமே செய்துவிடுவார். வெடிப்புகளுக்கு மின்கருவி எதுவும் வேண்டாம். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சில் கோடு போட்டு அருகில் திகதி எழுதினாலே அது வளர்கிறதா என்று தெரிந்துவிடும்.

இப்பகுதியின் கண்ணகி அம்மன் கோயில்கள் பல, வைகாசிச் சடங்குக்குக் கதவு திறக்கும் வரை ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே இருப்பவை. காற்றோட்டமில்லாத அந்த உள்வீட்டில் மாரி ஈரம் எத்தனை மாதம் தங்குகிறது என்பதை அறிவது பயனுள்ளதுதான். ஆனாலும் பூசை செய்யும் கட்டாடியாரும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரும் இணங்காமல் உள்ளே ஒரு கம்பிகூடப் போகக் கூடாது. வெளிமண்டப அளவு போதும் என்று அவர்கள் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்வோம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென 2020 ஜூனில் அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அளக்க வருகிறவர் நாளை உரிமை கோருவாரோ என்ற அச்சம் இங்கு வெறும் கற்பனையன்று. ஆகவே அளவுகள் கட்டடத்தைப் பராமரிப்போருக்கே உரியவை. அவை அவர்கள் கையில் தமிழில் எழுதிய பதிவேடாக இருக்க வேண்டும். வெளியே கொடுப்பதா என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட இடங்களில் திணைக்களத்தின் அனுமதியோடு மட்டுமே கருவி பொருத்தப்படும். அந்த அனுமதி விரைவில் கிடைக்கத் தொல்பொருள் திணைக்களம் எளிய விண்ணப்பமொன்றைத் தமிழில் வெளியிட வேண்டும்.

மண்முனைப்பற்றுப் பிரதேச செயலகத்திடம் நாம் கேட்பது, பழைய கட்டடத் திருத்தத்துக்கு நிதி ஒதுக்கும்போது ஓராண்டுப் பதிவேட்டையும் மதிப்பீட்டோடு சேர்த்துக் கேளுங்கள் என்பதே. கிழக்குப் பல்கலைக்கழகத்திடம் கேட்பது, அந்தப் பதிவேடுகளை வாசித்து எந்தச் சுவருக்கு எந்தக் காரை என்று மேசன்மாரோடு உட்கார்ந்து பேசக்கூடியவர்களை அனுப்புங்கள் என்பது. திருப்பணிச் சபைகள் ஐப்பசி மழைக்கு முன் எமக்குச் சொன்னால், கருவி பொருத்துவதையும் மாதாந்தம் படியெடுப்பதையும் ஓராண்டுக்குக் கட்டணமின்றி நாமே செய்வோம்.