உள்ளே இருப்பதெல்லாம் எளிதல்ல!



பரீட்சைக்கு முந்தைய ராத்திரி. ஹாஸ்டல் வராண்டாவில் ஜெராக்ஸ் நோட்ஸ் கை மாறிக்கொண்டிருந்தது. "மச்சி, ஒரு மொழி ரெகுலர்னா அதோட உட்கணமும் ரெகுலர்தானே? பெரிசே ஈஸின்னா சின்னது ஈஸியா இருக்காதா?" என்று கேட்டான் ஒருவன். "இதுல என்னடா டவுட்டு!" என்றான் இன்னொருவன். சுற்றி இருந்த எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டிய அத்தனை பேரும் தப்பு!

மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சில வரிகள். இங்கே 'மொழி' என்றால் தமிழோ ஆங்கிலமோ அல்ல. 0, 1 போன்ற குறிகளைக் கோத்து உண்டாக்கும் சரங்களின் கணம். ஒரு சரத்தை இடமிருந்து வலமாக ஒரே முறை படித்து, 'இது சேர்த்தி, இது சேர்த்தியில்லை' என்று சொல்ல, குறிப்பிட்ட சில நிலைகள் மட்டுமே உள்ள ஓர் இயந்திரம் போதுமானால், அது ரெகுலர் மொழி. ஸ்டீபன் கிளீனி என்ற கணித அறிஞரின் 1956-ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்கு அடித்தளம்.

'முதலில் சில 0, பிறகு சில 1' என்பது ஒரு மொழி. 1 வந்த பிறகு 0 வந்தால் தள்ளிவிட வேண்டியதுதான். மூன்றே நிலைகள் போதும். ரெகுலர்!

அதற்குள்ளேயே இன்னொரு மொழி: எத்தனை 0 வந்ததோ சரியாக அத்தனை 1 வர வேண்டும். 01, 0011, 000111 என்று போகும். இயந்திரத்துக்குப் பத்து நிலைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு 0 முதல் பதினொரு 0 வரை கொடுத்துப் பாருங்கள். பத்துக் கூண்டில் பதினொரு புறா! எங்கோ இரண்டு ஒரே கூண்டில் அடைந்தே தீரும். நான்கு 0 படித்த பிறகும் ஒன்பது 0 படித்த பிறகும் இயந்திரம் ஒரே நிலையில் நிற்கிறது என்று கொள்வோம். இப்போது நான்கு 1 கொடுத்தால்? இரண்டையும் ஏற்கும், அல்லது இரண்டையும் தள்ளும். எப்படியும் தப்பு. பத்துக்குப் பதில் பத்தாயிரம் நிலை வைத்தாலும் இதே கதிதான். ஆக, இது ரெகுலர் அல்ல.

அதற்கும் உள்ளே 01, 0011 என்ற இரண்டே சரங்களை எடுங்கள். மறுபடியும் ரெகுலர்! எண்ணி முடிகிற எந்தக் கணமும் ரெகுலர்தான்.

வாசலில் கோலம் போடும் இடம் வெறும் சதுரம். அதற்குள் போடும் சிக்குக் கோலமோ தலையைச் சுற்ற வைக்கும். அந்தக் கோலத்தில் உள்ள ஒரு புள்ளியோ குழந்தைக்கும் எளிது. மொழிகளும் இப்படித்தான். எது எதற்குள் இருக்கிறது என்பது வேறு, எது எளிது என்பது வேறு.

இன்னும் ஒரு வார்த்தை. 0, 1 கொண்டு எழுதக்கூடிய எல்லாச் சரங்களும் சேர்ந்த கணம் ரெகுலர். ஒரே நிலை போதும், வருவதையெல்லாம் ஏற்றுக்கொள்ளலாம். 0, 1 கொண்ட எந்த மொழியும் அதற்குள் அடக்கம். அன்றைக்கு நாங்கள் தலையாட்டியது சரியென்றால், ரெகுலர் அல்லாத மொழியே உலகத்தில் இருக்க முடியாதே!

"டிப்ளமோ முடிச்சு மெஷின் பக்கம் நிக்கப் போறவனுக்கு இதெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்கலாம். சொல்கிறேன். அடைப்புக்குறிகள் சரியாக மூடப்பட்டுள்ளனவா என்று பார்க்க ஒருவன் புரோகிராம் எழுதுகிறான். சரியானவற்றை எல்லாம் அது ஏற்கிறது. உடனே வேலை முடிந்தது என்கிறான். தப்பானவற்றைத் தள்ளுகிறதா என்று பார்த்தானா? சல்லடையில் நல்ல அரிசி முழுவதும் இறங்கிவிட்டது என்பதற்காக, கல் இறங்கவில்லை என்று ஆகிவிடுமா? பெரிய கணத்தைப் பிடித்ததும் சின்ன கணத்தைப் பிடித்துவிட்டதாக நினைக்கும் அதே கோளாறுதான் இங்கேயும்.

நோட்ஸில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பதால் மார்க் வரலாம், தெளிவு வராது என்பது என் கருத்து. யாராவது "இதுல என்னடா டவுட்டு" என்றால், அங்கேதான் நாம் டவுட் கேட்க வேண்டும். "எங்கே, ஒரு எதிர் உதாரணம் தேடிப் பார்ப்போமா?" என்று ஒருவன் கேட்டிருந்தால் போதும். அன்று ராத்திரி அத்தனை தலையும் ஆடியிருக்காது.

தலையாட்டும் முன் ஒரு நிமிடம் யோசிப்போம், நண்பர்களே!