ரிசல்ட் வரும் முன் முடிவு கட்டலாமா?

என் மகளுக்கு ஏழு வயது. சில மாதங்களுக்கு முன் அவள் கன்னத்தில் கொசுக்கடி போல் சிவப்பாக ஒன்று வந்தது. மூன்றே மாதத்தில் துவரம்பருப்பு அளவுக்கு வழவழவென்று உருண்டு நின்றது. "மருதான். குதிரை முடியால இறுக்கிக் கட்டினா தானா விழுந்துடும்" என்றார் மாமியார். "சுண்ணாம்பு வையேன்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு மனசு ஒப்பவில்லை. தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

அவர் மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியை முழுசாக எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார். அவ்வளவுதான்! 'பயாப்ஸி' என்ற வார்த்தை எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் 'கேன்சர்' ஆகிவிட்டது. துக்கம் விசாரிப்பது போல் வந்தார்கள். "பொம்பளைப் பிள்ளையாச்சே, நாளைக்கு யார் கட்டுவா?" என்று குழந்தை காதுபடவே ஒருவர் கேட்டார். அன்று ராத்திரி, "அம்மா, நான் செத்துப் போயிடுவேனா?" என்று அவள் கேட்டபோது என் ஈரக்குலையே நடுங்கிவிட்டது.

பத்து நாளில் ரிசல்ட் வந்தது. கேன்சர் இல்லை. 'ஸ்பிட்ஸ் நீவஸ்' என்கிற சாதுவான கட்டியாம். 1948ல் அமெரிக்காவில் ஸோபி ஸ்பிட்ஸ் என்ற பெண் டாக்டர் இதைப் பற்றி எழுதினாராம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் 'மெலனோமா' என்கிற தோல் புற்றுநோய் மாதிரியே தெரியுமாம். அதனால் முதலில் 'குழந்தைப் பருவ மெலனோமா' என்றே சொல்லியிருக்கிறார்கள். இது கேன்சர் இல்லை என்பது புரிந்தபின் பெயரை மாற்றினார்களாம். இன்றைக்கும் சில கட்டிகளைப் பிரித்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே சிரமம் என்றார் டாக்டர்.

மைக்ராஸ்கோப் வைத்துப் பார்ப்பவர்களே யோசிக்கும் விஷயத்துக்கு, நாம் வாசற்படியில் நின்று தீர்ப்புச் சொல்லலாமா? முடி கட்டியிருந்தால், விழுந்த கட்டி குப்பைக்குப் போயிருக்கும். அது என்னவென்று கடைசி வரை தெரியாமலே போயிருக்கும். கேன்சரோ என்று பயந்து ஒளித்து வைப்பதும் அதே தப்புதான்.

தோழிகளே, குழந்தையின் தோலில் புதிதாக ஏதாவது முளைத்து வேகமாக வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கட்டியை எடுத்தால், பரிசோதனைக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு இப்படி என்றால், ரிசல்ட் வரும்வரை வாயைக் கட்டுங்கள். அந்தத் தாய்க்கு ஒருவேளை சமைத்துக் கொடுத்தாலே பெரிய உதவி!

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.