மூடிய அறைகளின் காற்று

ரயில் நிலையத்துக்கே தன் பெயரைத் தந்துவிட்ட தாம்பரம் சானடோரியத்தை 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து ஸ்தாபித்தபோது, க்ஷயரோகத்தைத் தீர்க்கவல்ல மருந்து எதுவும் உலகில் இருக்கவில்லை; ஓய்வும் ஊட்டமும் தடையின்றி வீசும் காற்றுமே அக்காலத்துச் சிகிச்சை. காற்றால் நோய் தீராது என்பதைப் பிற்பாடு விளக்கியதும் சென்னைதான். மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்ளும் நோயாளி, நெருக்கடியான வீட்டிலிருந்தாலும் சானடோரியத்துப் படுக்கையிலிருந்தாலும் ஏறக்குறைய ஒருபடியாகவே குணமடைகிறான் என்று, 1956இல் தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவை 1959இல் அது உலகுக்கு அறிவித்தது. ஏழைகளுக்கு மகத்தான உபகாரம் அது. ஆனால் நோயைத் தீர்ப்பதில் காற்றுக்கு வேலையில்லை என்றறிந்த நாம், தொற்றைத் தடுப்பதிலும் அதற்கு வேலையில்லை என்று எண்ணிக்கொண்டோம் போலும்.

ஐப்பசி மழை மாலையொன்றில் குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ ஏதேனுமொரு கிளினிக்கில் நுழைந்து பாருங்கள். கார் நிறுத்துமிடமாக இருந்து அறையாக மாறிய கூடம். கண்ணாடிக் கதவில் ‘ஏ.சி. ஓடுகிறது, கதவைச் சாத்தவும்’ என்ற ஒட்டுத்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் முழங்கால் இடிக்க இருமுவோர், அவர்களுக்கு நடுவே தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தை. இருமலில் தெறிக்கும் துளிகளில் பெரியவை தரையில் விழ, சிறியவை ஈரம் வற்றி, கிருமியைச் சுமந்த நுண்துகள்களாய் நெடுநேரம் மிதக்கின்றன. சுவரில் மாட்டிய ஏ.சி.யோ அறைக்காற்றையே இழுத்துக் குளிர்வித்து மீண்டும் விடுகிறது. அதன் வலைத்தட்டில் தூசி சிக்கும், இவை சிக்கா. டியூஷன் வகுப்புகளின் நிலையும் இதுவே.

பெரு நாட்டு லிமா நகரின் மருத்துவமனைகளில் நடத்தி 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, ஜன்னல், கதவுகளைத் திறந்துவைத்தபோது காற்று மணிக்குச் சுமார் 28 முறை மாறியதாகக் கண்டது. இயந்திரக் காற்றோட்ட அறைகளுக்கு விதித்த அளவோ 12. உயர்ந்த கூரையும் அகன்ற ஜன்னலும் கொண்ட பழங்கட்டடங்களே அதில் முந்தி நின்றன.

சித்திரை வெயிலும் கொசுவும் ஜி.எஸ்.டி. சாலைப் புழுதியும் இருக்க ஜன்னலைத் திறக்கச் சொல்வது எளிதா என்று கேட்பது நியாயமே. ஆயினும் ஒரு சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனும், எதிர்ச்சுவரில் கொசுவலை அடித்த திறப்பும் வைக்க ஆகும் செலவு, ஏ.சி.யின் விலைக்கு முன் சொற்பம். அதற்கும் வழியில்லாத இடத்தில், ஒளி மனிதர்மேல் படாதவாறு கூரையோரம் பொருத்தும் புற ஊதா விளக்கு உண்டு; உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் காசநோய்த் தடுப்புக்குச் சிபாரிசு செய்த சாதனம் அது.

இதைத் தனியாரின் மனச்சாட்சிக்கு விட்டுவிட முடியாது. 2021இல் மாநகராட்சியாகிவிட்ட தாம்பரம், கிளினிக், வகுப்புக்கூடங்களுக்கு உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும், தீயணைப்புக் கருவியைக் கேட்பதுபோல் காற்று வரும் வழியையும் போகும் வழியையும் காட்டும்படி கேட்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். தனது சொந்தச் சுகாதார நிலையங்களின் காத்திருப்புக் கூடங்களையே முதலில் சோதித்து, அம்முடிவுகளை வாசற்பலகையில் ஒட்டட்டும். அடுத்த பருவமழைக்கு முன் அதைச் செய்ய அவகாசமிருக்கிறது.