காலையில் மட்டும் வரும் சத்தம்: 'டேப்பெட்தான்' என்று விட்டுவிடலாமா?

"பாய், காலையில முதல் ஸ்டார்ட்ல மட்டும் கடகடன்னு சத்தம் வருது, அப்புறம் அடங்கிடுது." ஆம்பூர், வாணியம்பாடி ஒர்க்‌ஷாப்புகளில் இந்தப் பேச்சு புதிதல்ல. "டேப்பெட் சத்தம்தான் தம்பி, ஓட்டுங்க" என்று பதிலும் தயாராக இருக்கும். அந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

தோல் தொழிற்சாலை டிரிப், வேலூர் சி.எம்.சி. டிரிப் என்று ஓடும் வண்டிகளில் பழைய ஸ்விஃப்ட், டிசையர் டீசல் நிறைய. 2020 ஏப்ரலில் மாருதி டீசல் காரை நிறுத்திவிட்டதால், இனி கிடைப்பதெல்லாம் ஓடித் தேய்ந்த வண்டிகள்தான். இவற்றின் 1.3 லிட்டர் ஃபியட் இன்ஜினில் இருப்பது டைமிங் செயின். பழைய இன்னோவாவில் இருப்பது பெல்ட்; கிலோமீட்டர் கணக்குப் பார்த்து மாற்றியே ஆக வேண்டும். "செயின்னா ஆயுசுக்கும் வரும்" என்ற நம்பிக்கை இங்கேதான் பிறக்கிறது. அது பாதி உண்மை.

சைக்கிள் செயினை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பு நீள்வதில்லை, கண்ணிகளின் பின் தேய்ந்து, மொத்தத்தில் செயின் தொய்கிறது. இன்ஜினில் அந்தத் தொய்வைப் பிடித்து வைப்பது டென்ஷனர். அதற்கு பலம் ஆயில் பிரஷர். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பிரஷர் ஏற ஓரிரு நொடி ஆகும். அந்த நேரத்துச் சத்தம் லேசானது. அதுவே நாளுக்கு நாள் நீண்டால், டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், செயின் தேய்ந்திருக்கலாம், அல்லது ஆயிலே குறைந்திருக்கலாம். ஆகவே முதலில் டிப்ஸ்டிக், காசில்லாத சோதனை. அடுத்து வெளி பெல்ட்டைக் கழற்றி சில நொடி மட்டும் ஓட்டினால், சத்தம் ஆல்டர்னேட்டர், புல்லி பக்கமா என்று தெரிந்துவிடும். பிறகு ஸ்கேனர். பி 0016 என்று வந்தால் கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதற்காக உடனே சென்சாரை மாற்றுவது, காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை மாற்றுவது போலத்தான்.

செயின் ஒரு பல் தாண்டினாலே இழுவை கெடும். அதிகம் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். டென்ஷனரோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, ஹெட்டைப் பிரிக்கும் வேலையாகிவிடும். நோயாளியோடு பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் வண்டி நின்றால் என்ன ஆகும்?

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. மத்தியானம் சூடான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "இப்பவே பாருங்க" என்றால் எந்தச் சத்தம் கேட்கும்? வண்டியை ஒரு ராத்திரி விட வேண்டும்; காலையில் காது வைத்துக் கேட்டதற்கும் கூலி தர வேண்டும். பார்ட்ஸ் மாற்றினால்தான் காசு என்று நாம் பழக்கியிருக்கிறோம், அவரும் மாற்றுகிறார்.

செகண்ட்ஹேண்ட் டீசல் வாங்கப் போகிறவர்கள் விடியற்காலையில் போங்கள். சாவி போடுவதற்கு முன் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், "நாளைக்கு வரேண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.