முற்றமும் ஊற்றும் முதலில்: பாலஸ்தீனக் கிராமங்களின் மரபுச் சீரமைப்பு குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

மேற்குக் கரைக் கிராமங்களில் பாழடைந்து கிடக்கும் பழைய குடியிருப்புப் பகுதிகளைச் சீரமைக்கும்போது, தனிக் கட்டடங்களின் தோற்றத்தை மீட்பதற்கு முன்பாக, ஊரார் எல்லோரும் புழங்கும் முற்றம், சந்து, ஊற்று, களம் ஆகிய பொதுவிடங்களை மீட்டு, அவற்றைச் சுற்றி மக்கள் திரும்பவும் வசிக்க வழிசெய்ய வேண்டும் என்பது இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு. எவ்வளவு செம்மையாகப் புதுப்பித்தாலும், ஆள் புழங்காத கட்டடம் சில மழைக்காலங்களுக்குள் மறுபடி ஒழுகத் தொடங்கிவிடும். ஆகவே நிதி வழங்குவோரும் ஊராட்சி மன்றங்களும் பாலஸ்தீன அதிகாரசபையும் இந்த முன்னுரிமையை ஏற்க வேண்டும் என அமைப்பு கோருகிறது.

மலைக் கிராமத்தின் பழைய பகுதியை வீடுகளின் தொகுப்பாக மட்டும் பார்ப்பது தவறு. அதன் அடிப்படை அலகு 'ஹோஷ்', அதாவது ஒரே குலவழியில் வந்த பல குடும்பங்களின் வீடுகள் ஒரு முற்றத்தைச் சூழ்ந்து நிற்க, மழைநீர்த் தொட்டியும் ரொட்டி சுடும் 'தாபூன்' அடுப்பும் அவர்களுக்குப் பொதுவாக அமைந்த வளாகம். உழவர் வீட்டின் உட்புறத்தில், தடித்த சுண்ணாம்புக்கல் சுவர்கள் தாங்கும் வளைவுக் கூரையின்கீழ், ஒரே அறை இரண்டு மட்டமாகப் பிரிந்திருக்கும். கீழ்மட்டம் ஆடுமாடுகளுக்கு உரியது. சில படிகள் ஏறினால் குடும்பம் உண்டு உறங்கும் 'மஸ்தபா' என்னும் மேடை. அதன் ஓரத்தில், களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து பெண்கள் கையாலேயே எழுப்பிய 'கவாபி' என்னும் தானியக் குதிர்கள். குதிரின் அடியில் விட்டிருக்கும் சிறு துளையின் அடைப்பை எடுத்தால் அன்றைய தேவைக்கு வேண்டிய கோதுமை வழிந்துவரும். வீட்டுக்கு வெளியே 'ஐன்' எனப்படும் ஊற்றும் 'பைதர்' எனப்படும் போரடிக்கும் களமும் ஊர்ப்பொதுவாக இருந்தன. இவை எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், ஒரு வீட்டை மட்டும் பெயர்த்தெடுத்துப் பாதுகாப்பதில் பொருளில்லை.

சட்டமோ நெடுங்காலம் இவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. பிரித்தானிய ஆணையாட்சி 1929-இல் இயற்றிய தொல்பொருள் சட்டமும், அதை அடியொற்றிய 1966-ஆம் ஆண்டு ஜோர்தானியச் சட்டமும் கி.பி. 1700-க்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாகக் கருதியதால், பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் எழுந்த கிராம வீடுகள் காப்பின்றி விடப்பட்டன. 2018-இல் வந்த பாலஸ்தீன மரபுரிமைச் சட்டம் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தாலும், இடைப்பட்ட காலத்தில் இடித்துத் தள்ளப்பட்டவை திரும்பப் போவதில்லை.

இடிபடாமல் எஞ்சியவை எவை என்று தெரிந்ததற்கு, எழுத்தாளரும் கட்டடக் கலைஞருமான சுஆத் அமீரி 1991-இல் ரமல்லாவில் நிறுவிய 'ரிவாக்' நிறுவனமே காரணம். 1994 முதல் 2007 வரை அந்நிறுவனம் ஊர் ஊராகச் சென்று எடுத்த பதிவேட்டில் 50,320 வரலாற்றுக் கட்டடங்கள் இடம்பெற்றன. அவற்றில் ஏறக்குறையப் பாதி ஐம்பது கிராமங்களுக்குள் அடங்குவதை அறிந்து, அந்த ஐம்பது ஊர்களிலேயே கவனத்தைக் குவிப்பதென அது எடுத்த முடிவை இவ்வமைப்பு முழுமையாக ஆதரிக்கிறது. பீர்செய்த் நகரின் பழைய பகுதியில் 2007-இல் தொடங்கி, தெருக்களையும் சதுக்கங்களையும் படிப்படியாகச் சீராக்கி, உள்ளூர்ப் பணியாளர்களைக் கொண்டே அது நடத்திய மீட்புப் பணிக்கு 2013-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. நடைபாதையும் குடிநீரும் விளக்கும் பொதுவில் வந்தபிறகு கதவைத் திறக்க உரிமையாளருக்கே துணிவு பிறக்கும் என்பதுதான் பிற ஊர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

பழைய வீடுகள் காலியானதற்கு வறுமை மட்டும் காரணமன்று. வெளிநாட்டு ஊதியமும் கான்கிரீட்டும் வந்தபோது குடும்பங்கள் ஊரின் ஓரத்தில் புது வீடு கட்டிக்கொண்டன. விட்டுச்சென்ற வீடோ தலைமுறைக்குத் தலைமுறை பாகம் பிரிந்து, அம்மானிலும் அமெரிக்காவிலும் இருக்கும் வாரிசுகள் அத்தனைபேரின் ஒப்புதலும் இன்றி ஒரு சாளரத்தைக்கூட மாற்ற முடியாத நிலைக்கு வந்தது. இந்தச் சிக்கலைத் தீர்க்காமல் கொத்தனாரை அழைப்பது வீண்செலவு. முதலில் வாரிசுகளோடு பயன்பாட்டு ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். உடைமை அவர்களிடமே இருக்க, சீரமைப்புச் செலவுக்கு ஈடாகக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கட்டடத்தை ஊரின் தேவைக்குத் தந்து, கெடு முடிந்ததும் திரும்பப் பெறும் உரிமை அதில் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்பட வேண்டும்.

குடியிருப்பு என்ற கோணத்தில் இந்தப் பணியின் அவசரம் இன்னும் கூடுகிறது. 1995-ஆம் ஆண்டின் இரண்டாம் ஒஸ்லோ உடன்படிக்கை மேற்குக் கரையை ஏ, பி, சி எனப் பிரித்ததில், நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடாகிய சி பகுதி முழுவதும் இஸ்ரேலியக் கட்டுப்பாட்டில் உள்ளது. அங்கே பாலஸ்தீனர்களுக்குக் கட்டட அனுமதி கிடைப்பது மிக அரிது. நாற்புறமும் சி பகுதி நெருக்கும் கிராமத்தில், மணமான மகனுக்கோ மகளுக்கோ ஓர் அறை வேண்டுமென்றால், கூரை விழுந்து கிடக்கும் தாத்தாவின் வீடே பல வேளைகளில் சட்டத்துக்கு உட்பட்ட ஒரே இடம். எனவே சீரமைத்த அறைகளில் ஒரு பங்கு ஊரின் இளங்குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் ஒதுக்கப்பட வேண்டும். விருந்தினர் விடுதியும் உணவகமும் வரலாம். ஆனால் அவற்றுக்காகவே ஊரைச் சீரமைப்பது ஊராரை வேடிக்கைப் பொருளாக்கும் செயல் என இவ்வமைப்பு கருதுகிறது.

வேலைமுறையில் சிமெண்ட்டைத் தவிர்ப்பது அடிப்படை விதி. ஒழுகும் சுவருக்கு மருந்தென்று நல்லெண்ணத்தோடு பூசப்பட்ட சிமெண்ட் ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்துவைக்க, அந்த ஈரம் கல்லின் உள்ளேயே உப்பாகப் பூத்து, நாளடைவில் கல்லின் முகம் தகடு தகடாக உதிர்கிறது. அந்தச் சிமெண்ட்டை உளியால் பொறுமையாகக் கொத்தியெடுத்து, கற்களுக்கு இடையே நீர்த்த சுண்ணாம்புச் சாந்தை அழுத்தி நிரப்பினால்தான் சுவர் மூச்சுவிடும். இந்த வேலைக்கு இயந்திரத்தைவிடக் கைகளே மிகுதியாகத் தேவை என்பதால், செலவில் பெரும்பங்கு கூலியாக ஊருக்குள்ளேயே தங்குகிறது. இரண்டாம் இன்திஃபாதா எனப்படும் எழுச்சியின்போது இஸ்ரேலில் வேலை இழந்தவர்களுக்காக 2001-இல் ரிவாக் தொடங்கிய வேலைவாய்ப்புத் திட்டம் இந்தக் கணக்கில்தான் நின்றது. 2023 அக்டோபரில் காசாப் போர் தொடங்கிய பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் இஸ்ரேல் நுழைவு அனுமதி நிறுத்தப்பட்டுள்ள நிலையில், அத்தகைய திட்டத்தை மீண்டும் விரிவாக நடத்த நிதி ஒதுக்கப்பட வேண்டும்.

பொதுவிடம் என்பது கல் பாவிய தரை மட்டுமன்று, அதைப் பகிர்ந்துகொள்ளும் முறையும்கூட என்பதைப் பெத்லகேமை அடுத்த பத்தீர் ஊர் காட்டுகிறது. அங்கே ஊற்றுநீர் பழைய குளமொன்றில் சேர்ந்து, கல்லடுக்கு வரப்புகள் தாங்கும் படிவயல்களுக்குப் பாய்கிறது; எட்டுக் குடும்பவழிகள் ஆளுக்கொரு நாள் முறைவைத்து நீர் பாய்ச்சுவதால், பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்று சொல்லும் வழக்கம் உண்டு. 2014-இல் யுனெஸ்கோ இந்நிலக்காட்சியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோதே, இஸ்ரேலியப் பிரிவினைச் சுவர் அதை ஊடறுக்கும் அச்சத்தால், ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. முறைத்தண்ணீர் நின்றால் வரப்பைக் கட்ட ஆள் வரமாட்டார்கள்; வரப்பு சரிந்தால் பட்டியலில் இருந்தும் பயனில்லை. ஆகவே பிற ஊர்களிலும் ஊற்றைத் தூர்வாரும் திட்டம் எதுவாயினும், நீர்ப்பங்கீட்டு வழக்கத்தை மூத்தோரிடம் கேட்டு எழுதி, அதை நடத்தும் ஊர்க்குழுவுக்குப் பொறுப்பளித்த பின்னரே தொடங்கப்பட வேண்டும்.

சீரமைப்பு, இஸ்ரேலிய ஆக்கிரமிப்பு முடிவுக்கு வருவதற்கு மாற்றாகாது என்பதை இவ்வமைப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. மேற்குக் கரையின் வடபகுதியிலுள்ள செபஸ்தியாவில் மக்கள் வாழும் கிராமம், குடிமை நிர்வாகம் பாலஸ்தீன அதிகாரசபையிடம் உள்ள பி பகுதியிலும், அதை ஒட்டிய தொல்லியல் மேட்டின் பெரும்பகுதி சி பகுதியிலும் சிக்கியிருக்க, ஊரார் தம் வீட்டு வாசலுக்கு எதிரேயுள்ள தூண்வரிசையைப் பராமரிக்கவும் அதிகாரமற்றவர்களாக நிற்கிறார்கள். மரபுரிமை என்ற பெயரில் மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து விலக்கும் எந்த நடவடிக்கையையும் அமைப்பு எதிர்க்கிறது. மேற்குக் கரைக்கு அப்பால், காசாவில் போரால் நூற்றுக்கும் மேற்பட்ட பண்பாட்டு இடங்கள் சேதமுற்றதை யுனெஸ்கோ உறுதிசெய்துள்ளது. அங்கே மறுகட்டுமானம் தொடங்கும் நாளில் இடிபாடுகளை ஒட்டுமொத்தமாக வாரிக் கொட்டாமல், பழைய கற்களைத் தனியே பிரித்து எண்ணிட்டு அடுக்கிவைக்கும் பணிக்கு முதல் ஒப்பந்தத்திலேயே கூலியும் இடமும் ஒதுக்கப்பட வேண்டும்.